ஹொக்கியன் மீயும் நம் வீட்டுத் தாச்சியும்



இம்முறை கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய மகன் சிங்கப்பூரில் தொழில் பார்க்கிறார். லீவில் வீட்டுக்கு வந்தவர், "உம்மா, அங்கே ஹொக்கியன் மீ என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. ஒருக்கா ஆக்கித் தாங்களேன்" என்று கேட்டிருக்கிறார். உம்மாவும் இறால் வாங்கி வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த மதினி, "அது பன்றிக் கொழுப்பில் பொரிக்கிற சீனச் சாப்பாடு. அதைப் பார்த்து ஆக்குவதும் ஹராம்தான்" என்று சொல்ல, அன்றைக்கு அந்த இறால் வழக்கமான ஆணமாகிவிட்டது. மகன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனாராம்.

"மதினி சொன்னது சரியா? சரியில்லையென்றால் அதை எப்படி ஆக்குவது?" என்று அந்தத் தாய் கேட்கிறார். கடிதத்தின் அடியில், பேனை மாற்றி, இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "அங்கே 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று போர்ட் போட்ட கடையில்தான் சாப்பிடுவதாக மகன் சொல்கிறான். அது போதும்தானே?" முதல் இரண்டு கேள்விகளையும்விட இந்தக் கடைசி வரிதான் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் வரிசையாகவே வருவோம்.

ஒரு பொருளைப் பற்றி ஹுக்ம் சொல்வதற்கு முன், அது என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். ஹொக்கியன் என்பது இறைச்சியின் பெயருமல்ல, கொழுப்பின் பெயருமல்ல. தென்சீனத்தின் புஜியன் மாகாணத்து மக்களையும் அவர்களது பேச்சையும் குறிக்கும் பெயர் அது. 'மீ' என்றால் அவர்கள் பேச்சில் நூடில்ஸ். அந்த மாகாணத்தின் பழைய துறைமுகமான சுவான்சௌ நகரை அரபு வணிகர்கள் ஸைத்தூன் என்று அழைத்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா, பிறகு கப்பலேறிப் போய் இறங்கியதும் அந்த ஸைத்தூனில்தான். அங்குள்ள பழைய பள்ளிவாசல் ஹிஜ்ரி 400இல் கட்டப்பட்டதாக அதன் அரபுக் கல்வெட்டு சொல்கிறது. ஆகவே 'ஹொக்கியன்' என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளத் தேவையில்லை.

அந்த மக்கள் பிழைப்புத் தேடி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனபோது இந்த நூடில்ஸும் கூடப் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நூடில்ஸ் தொழிற்சாலைகளில் மிஞ்சியதை ரோச்சோர் வீதியோரத்தில் கரி அடுப்பில் பிரட்டி விற்கத் தொடங்கினார்கள் என்று சிங்கப்பூரில் சொல்லிவருகிறார்கள். அதனால் பழையவர்கள் இதை ரோச்சோர் மீ என்றும் அழைத்தார்கள். கமுக மட்டையில் வைத்துக் கொடுப்பது அந்நாளைய வழக்கம். தெருவோர வியாபாரிகளையெல்லாம் 1970களிலும் 80களிலும் அரசாங்கம் குழாய்த் தண்ணீரும் கூரையும் உள்ள ஹோக்கர் சென்டர்களுக்குள் கொண்டுவந்தது. 2020இல் அந்தச் சாப்பாட்டுக் கலாசாரம் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது.

ஒரு எச்சரிக்கை: இதே பெயரில் மூன்று சாப்பாடுகள் உண்டு. கோலாலம்பூரில் கேட்டால் தடித்த நூடில்ஸைக் கறுப்புச் சோயா சோஸில் பிரட்டித் தருவார்கள். பினாங்கில் கேட்டால் இறால் சூப்பில் மிதக்கும் நூடில்ஸ் வரும். சிங்கப்பூரில் மஞ்சள் நூடில்ஸையும் வெள்ளை அரிசி நூடில்ஸையும் கலந்து, முட்டையோடு பிரட்டி, இறால் சாற்றை ஊற்றி மூடி வேகவைப்பார்கள். நிறம் வெளிறியிருக்கும், ஈரமாக இருக்கும், ஓரத்தில் சம்பலும் தேசிக்காயும் இருக்கும். மகன் கேட்டது இதுதான்.

இனி மதினி சொன்னது. அதில் பாதி உண்மை. ஹோக்கர் கடையில் வழக்கப்படி ஆக்கும்போது பன்றி மூன்று வழியாக இதற்குள் வருகிறது. பொரிக்கும் கொழுப்பு பன்றிக் கொழுப்பு. சாறு காய்ச்சும் பானையில் இறால் தலையோடு பன்றி எலும்பும் கிடக்கும். மேலே பன்றி வயிற்று இறைச்சியை மெல்லிய கீற்றாக நறுக்கிப் போடுவார்கள், கொழுப்பை உருக்கியபின் மிஞ்சும் மொறுமொறுப்பையும் தூவுவார்கள். அல்குர்ஆன் பன்றியின் இறைச்சியைச் சொல்லித் தடுத்தாலும் அதன் கொழுப்பும் எலும்பும் அந்தத் தடைக்குள் அடங்கும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அந்தக் கடையில் அந்தச் சாப்பாடு ஹராம். இறைச்சித் துண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவதற்கும் இடமில்லை. சாறு முழுவதிலும் அது ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் "அதைப் பார்த்து ஆக்குவதும் ஹராம்" என்பது மார்க்கம் சொன்ன பேச்சல்ல. ஹுக்ம் பொருளுக்கே உரியது, தோற்றத்துக்கல்ல. இறாலும் முட்டையும் கோதுமை மாவும் அரிசி மாவும் ஹலாலான கோழியும் ஒரு தாச்சியில் சேர்ந்தால் அவை ஹலாலாகவே இருக்கும். அடுத்த சமூகத்துக்கு ஒப்பாவதைத் தடுத்திருப்பது அவர்களது மத அடையாளங்களிலும் அவர்களுக்கே உரிய வணக்கங்களிலும்தான். நூடில்ஸ் பிரட்டுவது யாருடைய வணக்கமுமல்ல. அல்லாஹ் ஹராமாக்காததை நாவில் வந்தபடி ஹராம் என்று சொல்லிவிடுவதை சூரா அந்நஹ்லின் 116ஆம் வசனம் கடுமையாகக் கண்டிக்கிறது. பேணுதல் என்ற நல்ல எண்ணத்தில்தான் நம் பெண்கள் பலர் இதைச் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியும். என்றாலும் ஹராமை ஹலால் என்பது எவ்வளவு பாரதூரமோ, ஹலாலை ஹராம் என்பதும் அவ்வளவு பாரதூரம்.

மதினிக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அவர் சாப்பிடாமல் இருக்கலாம். நபி (ஸல்) அவர்களின் முன் ஒருமுறை பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று கேட்கப்பட்டபோது, இல்லை, தம் சமூகத்தாரின் ஊரில் அது இல்லாததால் மனம் விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் இப்னுல் வலீத் (ரழி) அவர்கள் அதே ஸஹனிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே விரிப்பில் ஒருவர் சாப்பிட, இன்னொருவர் சாப்பிடாமலிருக்க இடமிருந்தது.

இதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள், அவர்களில் தமிழ் பேசுவோர் நிறையப் பேர், இதே ஹொக்கியன் மஞ்சள் நூடில்ஸை எடுத்து, மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டி 'மீ கோரெங்' என்று தங்கள் சாப்பாடாகவே ஆக்கிவிட்டார்கள். இன்று அதைச் சீனரும் விரும்பி வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் எல்லாத் தாய்மாரும் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற போர்ட் ஹலால் சான்றிதழ் அல்ல. அந்தப் போர்ட் போட்டவர் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவர் சொல்லாமல் விட்டது நிறைய. அங்கே சாற்றில் கிடக்கும் கோழி பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கப்பட்டதா? சீனச் சமையலில் தாராளமாக ஊற்றும் அரிசி மது ஊற்றப்பட்டதா? நெருப்பில் அது ஆவியாகிப் போய்விடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். முழுவதும் போவதில்லை, போனாலும் மதுவை ஊற்றியபோதே சாப்பாடு நஜீஸாகிவிட்டது என்பதுதான் நம் மத்ஹபின் தீர்ப்பு. சிங்கப்பூரில் முயிஸ் என்று அழைக்கப்படும் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. அந்தச் சான்றிதழ் கடையில் தொங்குகிறதா, திகதி முடியாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அல்லது முஸ்லிமே நடத்தும் கடையாக இருக்க வேண்டும். ஹோக்கர் சென்டர் பலவற்றில் ஹலால் தட்டுக்களைத் திருப்பி வைக்கத் தனி இடம்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே வழி இல்லை என்று சொல்ல முடியாது.

பெயரிலேயே அடையாளம் தெரிந்துகொள்ள ஒரு சிறு குறிப்பும் தருகிறேன். ஹொக்கியன் பேச்சில் 'பக்' என்றால் இறைச்சி. வேறு அடைமொழி இல்லாமல் வந்தால் அது பெரும்பாலும் பன்றி இறைச்சியைத்தான் குறிக்கும். பக் குட் தே, பக் வா, பக் சோர் மீ போன்ற பெயர்களைப் பலகையில் கண்டால் விலகிக்கொள்ளும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். 'மீ' என்ற சொல்லில் பயமில்லை.

அறையைப் பகிர்ந்து வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்குச் சட்டி பானை பற்றியும் சொல்ல வேண்டும். பன்றி சமைத்த தாச்சியில் இவர் முட்டை பொரிக்கக்கூடாது. வேற்று மதத்தவரின் பாத்திரத்தில் சாப்பிடுவது பற்றி ஒரு ஸஹாபி கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் சாப்பிட வேண்டாம், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுச் சாப்பிடலாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவி, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபில் பிரபலமான சட்டம். ஆதாரத்தின் அடிப்படையில் ஒரு தடவை நன்றாகக் கழுவினாலே போதும் என்பது பலமானது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இத்தனையும் எதற்கு? ஒரு சிறு தாச்சியைப் புதிதாக வாங்கித் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டால் கதை முடிந்தது.

இனிக் குசினிக்குப் போவோம். மௌலவிக்குச் செய்முறை எதற்கு என்று யாரும் கேட்க வேண்டாம். கீழே எழுதுவது எங்கள் வீட்டில் ஆக்கிப் பார்த்ததுதான். பன்றி வந்த மூன்று வழிகளையும் அடைத்துவிட்டு, அங்கெல்லாம் வேறு எதை வைப்பது என்பதுதான் இதிலுள்ள வேலை. கொழுப்புக்குக் கோழிக் கொழுப்பு, எலும்புக்குக் கோழி எலும்பு, வயிற்று இறைச்சிக்குக் கோழித் தொடை. உண்மையில் இந்தச் சாப்பாட்டின் உயிர் பன்றியில் இல்லை. நாம் நாய்க்கும் பூனைக்கும் எறிகிற இறால் தலையில்தான் இருக்கிறது.

4 பேருக்கு அரைக் கிலோ நடுத்தர இறால் தலையோடு வாங்குங்கள். தலையையும் ஓட்டையும் கழற்றித் தனியாக வையுங்கள், சதையைச் சுத்தம் செய்து மூடி வையுங்கள். ஒரு கோழியின் தோலையும் உள்கொழுப்பையும் சிறிதாக நறுக்கி, 3 மேசைக்கரண்டி தண்ணீரோடு சிறு நெருப்பில் போட்டால், 20 நிமிடம் போலத் தண்ணீர் வற்றிக் கொழுப்பு உருகி வரும். தோல் பொன்னிறமாக மொறுமொறுக்கும். தோலைத் தனியே வடித்து எடுங்கள். அது கடைசியில் தூவுவதற்கு. அதற்குமுன் பிள்ளைகள் தின்று தீர்க்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

சாறுதான் பெரிய வேலை. 2 மேசைக்கரண்டி எண்ணெயில் இறால் தலையையும் ஓட்டையும் போட்டு, அகப்பையால் நன்றாக அமத்தி அமத்தி வதக்க வேண்டும். தலைக்குள்ளிருக்கும் செம்மஞ்சள் நெய் எண்ணெயில் இறங்கி, பச்சை மணம் போய் வறுத்த மணம் வரும்வரை விடாதீர்கள். 8, 10 நிமிடம் ஆகும். இதில் அவசரப்பட்டால் பிறகு என்ன போட்டாலும் ருசி வராது. பிறகு அரைக் கிலோ கோழி எலும்பு, ஒரு கைபிடி நெத்தலிக் கருவாடு, 2 லீற்றர் தண்ணீர் சேர்த்து ஒரு மணித்தியாலம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். இரண்டு கோழித் தொடையையும் இதிலேயே அவித்து எடுத்து மெல்லிய கீற்றாக நறுக்குங்கள். வடிக்கும்போது தலைகளை வடியில் வைத்துக் கரண்டியால் நசித்துப் பிழியுங்கள். ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர் சாறு மிஞ்சும். கொதிக்கும் சாற்றில் இறாலை ஒன்றரை நிமிடம், வளையமாக நறுக்கிய கால் கிலோ கணவாயை ஒரு நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். கூடினால் இரண்டும் றப்பர்.

பச்சை மஞ்சள் நூடில்ஸ் கிடைத்தால் 400 கிராம். அதைக் காரத் தண்ணீர் சேர்த்துச் செய்வதால்தான் அந்த மஞ்சளும் இழுவையும். வெந்நீரில் ஒருமுறை அலசினால் கார மணம் போய்விடும். எல்லா ஊரிலும் அது கிடைக்காது. தடித்த முட்டை நூடில்ஸ் பக்கெட் 250 கிராம் எடுத்து, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவாக அவித்து வடித்தாலும் சரிதான். அரிசி நூடில்ஸ் 150 கிராமை ஊறவைத்து மென்மையானதும் வடியுங்கள். முட்டை 4, நறுக்கிய உள்ளி 3 மேசைக்கரண்டி, இரண்டு கைபிடி பயற்றம் முளை, வெங்காயத் தாள் ஒரு கட்டு.

வீட்டுக் கேஸ் அடுப்பு ஹோக்கர் கடை அடுப்பல்ல. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் தாச்சி குளிர்ந்து களியாகிவிடும். இரண்டு தரமாக ஆக்குங்கள். இரும்புத் தாச்சி புகைய ஆரம்பித்ததும் 2 மேசைக்கரண்டி கோழிக் கொழுப்பு, அதில் 2 முட்டை உடைத்துக் கலைத்து, பாதி மஞ்சள் நூடில்ஸைப் போட்டுப் பரப்பிவிடுங்கள். கிளறாமல் சற்று விட்டால் அங்கங்கே லேசாகக் கருகும். அந்தக் கருகல் வேண்டும். பாதி உள்ளி, ஒன்றரைக் கோப்பைச் சாறு ஊற்றி, மூடி போட்டு 3 நிமிடம். திறந்து, பாதி அரிசி நூடில்ஸையும் இன்னும் அரைக் கோப்பைச் சாற்றையும் சேர்த்துப் பெரிய நெருப்பில் பிரட்டுங்கள். உப்பு, வெள்ளை மிளகுத் தூள், மீன் சோஸ் இருந்தால் 2 தேக்கரண்டி. கடைசியாக இறால், கணவாய், கோழி, முளை, வெங்காயத் தாள் போட்டு ஒரு நிமிடத்தில் இறக்குங்கள். அடியில் கொஞ்சம் சாறு தேங்கி நிற்க வேண்டும். சோயா சோஸ் ஊற்றிக் கறுப்பாக்காதீர்கள்.

சோஸ் போத்தல்களின் எழுத்தை வாசிக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு வர வேண்டும். மது சேர்த்த சோஸ்கள் உண்டு. நம் நாட்டில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா செய்துவந்த ஹலால் சான்றிதழ்ப் பணியை 2014 முதல் ஹலால் அக்ரெடிட்டேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் பொறுப்பெடுத்தது. சந்தேகமான போத்தல் என்றால் விட்டுவிடுங்கள். இந்தச் சாப்பாட்டுக்கு மீன் சோஸ் இல்லாவிட்டால் உப்பு போதும்.

சம்பலுக்கு 10 செத்தல் மிளகாயை ஊறவைத்து, 5 சின்ன வெங்காயம், 3 பல்லு உள்ளி, ஒரு மேசைக்கரண்டி வறுத்த கூனி சேர்த்து அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, உப்பும் ஒரு சிட்டிகைச் சீனியும் போடுங்கள். மலாய்க் குடும்பங்களில் பெலச்சான் இருக்கும், அது இன்னும் பொருத்தம். தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பீங்கான் ஓரத்தில் வையுங்கள்.

வீட்டுக்கு மேமன் குடும்பத்தவரோ வேறு ஹனபி மத்ஹபினரோ விருந்தாளியாக வந்தால் ஒரு விடயம். நம் மத்ஹபில் கடலில் வாழ்பவை ஹலால். ஹனபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும். கணவாய் ஆகாது, இறால் மீனா இல்லையா என்பதில் அவர்களுடைய உலமாக்களிடையே இரு கருத்து. அவர்களுக்குக் கோழிச் சாற்றில் தனியாக ஆக்கிக் கொடுங்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நோன்பு திறக்க இதை ஆக்கலாமா என்றும் அந்தத் தாய் கேட்கிறார். சாற்றை அஸருக்கு முன்பே காய்ச்சி வைக்கலாம், குளிரூட்டியில் கட்டியாக்கியும் வைக்கலாம். ஆனால் நூடில்ஸைப் பிரட்டி வைத்துக் காத்திருந்தால் சாறு முழுவதையும் குடித்து ஊதிவிடும். ஆகவே பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பைத் திறந்து, மஃரிபைத் தொழுதுவிட்டுத் தாச்சியை அடுப்பில் வையுங்கள், 10 நிமிட வேலைதான். சாற்றுக்கு உப்புப் பார்க்க வேண்டியிருந்தால், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, விழுங்காமல் துப்பிவிட்டால் நோன்பு முறியாது. தேவையில்லாமல் ருசி பார்ப்பதுதான் மக்ரூஹ்.

வஸ்ஸலாம்.